எரிபீடம்

"உன் முறை" என்றான் அமல். ஒரு ஈட்டிக்காரனை, போயும் போயும் ஒரு ஈட்டிக்காரன் சீட்டை, மேசைமேல் வைத்துவிட்டு, கையில் மிச்சமிருந்த சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரிச் சிரித்தான். ஜெனோவாவுக்கு கோபம் உச்சந்தலைக்கு விறுவிறுவென்று ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிச்சோறு தின்று, பாலக்கரை மாடி வீட்டின் முன்னறையில் மின்விசிறி கடகடவென்று சுற்ற, அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடுவதைப் பார்க்கிறவர்கள் என்ன ஒற்றுமை என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். உள் அறைக் கட்டிலில் மாம்பழ நிறப் பட்டுச்சேலை விரித்துக் கிடக்கிறது, அதன்மேல் ஜாக்கெட், அதன்மேல் அம்மாவின் சங்கிலி, ஆள் மட்டும்தான் உள்ளே இல்லை. அடுக்களையில் அம்மா கேசரிக்கு முந்திரி வறுக்கிறாள், நெய் வாசம் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. சாயங்காலம் திண்டுக்கல்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். நேற்று பெங்களூரிலிருந்து வந்து இறங்கி, பையைக்கூட வைக்காத ஜெனோவாவிடம் அம்மா இதைச் சொன்னாள். இன்று காலை கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது, போகிற போக்கில், இன்னொன்றையும் சொன்னாள். "வேலைய விட்ருவான்னு அண்ணன் அவங்ககிட்டச் சொல்லிட்டான். நீ பாட்டுக்கு அங்க வந்து ஏதாச்சும் உளறி வைக்காத." அண்ணன் சொல்லிவிட்டான். ஜெனோவா தன் செருப்பின் வார் அறுந்துவிடும்போல இழுத்தாள். அறுந்திருந்தாலாவது கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ஆடுடி, என்ன யோசனை" என்றான். யோசனையாம். ஈட்டிக்காரனை வைக்கிற ஆட்டமா இது? அவன் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? யானைத் தளபதி இருக்கிறான், அவன் படையிலேயே பெரிய ஆள். ஒரு வல்லூறு இருக்கிறது, பலத்தில் சுண்டைக்காய், ஆனால் பறக்கும், பறப்பதைப் பறப்பதுதான் தடுக்க முடியும், அவள் பக்கம் ஒரு குருவிகூட இல்லை. அப்புறம் இரண்டுக்கும் நடுவில், சிவந்த படம் போட்ட எரிபீடம். அது ஆளும் இல்லை, ஆயுதமும் இல்லை, சும்மா கிடக்கும், கூப்பிட்டால்தான் வேலை செய்யும். அதில் ஒரே ஒரு வரி, வரியின் நடுவில் இரண்டு புள்ளி. புள்ளிக்கு முன்னால், உன் படையில் ஒருவரைப் பலி கொடு. புள்ளிக்குப் பின்னால், அவர் பலம் முழுவதும் நீ சொல்லும் இன்னொருவருக்குச் சேரும். முன்னால் இருப்பது விலை, பின்னால் இருப்பது பலன். யாருக்குச் சேரவேண்டும் என்று முதலில் சுட்டிக்காட்டவேண்டும், அப்புறம் கொடுக்கவேண்டும். கொடுப்பதை எதிராளி தடுக்கவே முடியாது, ஐயோ வேண்டாம் என்று குறுக்கே விழ எந்தச் சீட்டுக்கும் உரிமை இல்லை, விலை விலைதான். கொடுத்தபின், பலன் போய்ச் சேர்வதற்குள், வாங்கப்போகிறவனை எதிராளி கொல்லலாம். கொன்றால் கொடுத்ததும் போச்சு, வாங்க இருந்ததும் போச்சு. அவ்வளவுதான் விதி, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். யானையைப் பீடத்தில் போட்டு, அதன் பலத்தை வல்லூறுக்குக் கொடுத்து ஏவினால் அவள் கோட்டை இந்த முறையே காலி. அது அவனுக்குத் தெரியும். யானையைப் பார்த்தான், பீடத்தைப் பார்த்தான், கண் வல்லூறு வரைக்கும் போயிற்று, அப்புறம் ஈட்டிக்காரனை எடுத்து வைத்தான். அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

முகத்தைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பே. பெங்களூர் மருத்துவமனையில், சத்தம் புகாத கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே இருப்பவர் காதில் மெல்லிய ஓசைகளை அனுப்பி, கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்வது. கேட்காத பிள்ளைகள் அம்மாவுக்காகக் கேட்டமாதிரி கையைத் தூக்கும். பெரியவர்களில் சிலர் நேர் எதிர். நன்றாகக் கேட்கும், கை மட்டும் எழாது. ஆனால் ஓசை போய் விழுந்த அந்த நொடியில் கண்ணுக்குக் கீழே ஒரு தசை இலேசாக அசையும், அதை யாராலும் அடக்க முடியாது. அமலின் கண்ணுக்குக் கீழே அது அசைந்தது. அவனுக்குக் கேட்டது. கேட்டும் கையைத் தூக்கவில்லை. இன்றைக்கு மட்டுமா, போன கிறிஸ்துமஸுக்கு மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றானே, ஈஸ்டருக்குத் தோற்றானே, "நீ படிச்ச புள்ள, உன்ன ஜெயிக்க முடியுமா" என்று தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தானே, அப்போதெல்லாம்? அத்தனையுமா? ஜெயித்த மிதப்பில் அம்மாவிடம் போய்ச் சொல்லி, சிரித்து, வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்குப் போகிற கூட்டத்தில் அத்தை மகளிடம்கூடப் பீற்றிக்கொண்டாளே. அத்தனையும் போட்ட பிச்சையா? காது மடல் சுட்டது. விளையாட்டில்கூட விட்டுவைக்கவில்லை. இந்த வீட்டில் அவளுக்கென்று அவளே ஈட்டியது என்று ஒரு துரும்பாவது உண்டா?

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர், புதுக்கோட்டை வண்டியில் பையை மாட்டியபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார், அவளுக்கு அப்போது ஏழாம் வகுப்பு. அமல் விளையாட்டு விடுதியில் சேர்ந்து ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தான், இடது ஓரத்தில் ஓடுகிறவன், ஓடினால் காக்காய்கூடப் பிடிக்காது என்பார்கள். சாவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. துவாக்குடிப் பக்கம் கொதிகலனுக்குத் தகடு வளைக்கிற பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான், வெல்டிங் கற்றுக்கொண்டான், இப்போது மேற்பார்வை பார்க்கிறான், முழங்கையெல்லாம் பொறி பட்ட புள்ளி. மீதிக் கதையை ஜெனோவா சொல்லவேண்டியதில்லை, பாலக்கரையே சொல்லும். அம்மா சொல்வாள், பங்குச் சாமியார் சொல்வார், சீருடை தைத்த அக்காகூட ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள். பாப்பா, உங்கண்ணன் உனக்காகப் பண்ணுன தியாகம் இருக்கே. அம்மா, தங்கச்சி படிக்கட்டும், நான் வேலைக்குப் போறேன்னு அவனாவே வந்து நின்னான் பாரு, அந்த வயசுல யாருக்கு வரும். நல்ல மதிப்பெண் வாங்கினால் அண்ணன் புண்ணியம், குறைந்தால் அண்ணன் பட்ட பாடெல்லாம் வீண். கல்லூரி விடுதியில் காய்ச்சல் வந்து கிடந்த இராத்திரி சாவைப் பற்றி அவளுக்குப் பயம் வரவில்லை, தான் செத்தால் அண்ணனும் வீணாகிப்போவானே என்றுதான் உடம்பு நடுங்கியது. சாலையைக்கூட இன்றைக்கு வரை இரண்டு ஆள் கடப்பது மாதிரித்தான் கடக்கிறாள். யார் கேட்டார்கள்? வாங்கிக்கொள்கிறாயா என்று ஒரு வார்த்தை யாராவது கேட்டார்களா? பீடத்தில்கூட அதற்கு இடமில்லை. சுட்டிக்காட்டினால் வாங்கிக்கொள்ளவேண்டியதுதான், வேண்டாம் என்று வல்லூறு சொல்லமுடியாது, யானையின் கனத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பறக்கவேண்டியதுதான். பறந்தாள். பறந்து போய் ஒரு வேலையில் உட்கார்ந்தாள், அந்தக் கண்ணாடி அறையும் காதொலிக் கருவியும் அவளுக்கு உயிராகிப்போயிற்று, பிறவியிலேயே கேட்காத பிள்ளை முதன்முதலாக அம்மா குரல் கேட்டு மிரண்டு அழும்போது அவளும் அழுவாள், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அழுவாள். அதைப் போய், அவன் ஹாக்கியைக் கொடுத்து வாங்கியதென்று ஊரே சொல்கிற அதே வேலையைப் போய், விட்டுவிடுவாள் என்று திண்டுக்கல்காரனிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறான். தியாகி. தியாகிக்கு எதைத் தூக்கிக் கொடுத்தாலும் வலிக்காது போலிருக்கிறது, பழகிவிட்டால்.

"என்னடி முறைக்கிற?" என்றான் அமல். "சீட்ட எடு." அவள் எடுத்தாள். வந்தது அம்புமழை, எதிரியின் ஆள் ஒருவரை எப்போது வேண்டுமானாலும் வீழ்த்தலாம். நல்ல சீட்டு. வைத்துக்கொண்டாள், ஆடவில்லை. அவன் மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தன் சீட்டைத் தடவினான். ஒவ்வொரு சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைமேல் கறுப்பு மையால் தமிழில் பெயர் எழுதிவைத்திருப்பான். எழுதியது அவன், சொல்லிக்கொடுத்தது அவள். கடைசி வருஷம் விடுதியில் தோழிகளிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து விடுமுறையில் அவனுக்குக் காட்டினாள். இங்கிலீஷ் பொடி எழுத்து அவனுக்கு ஒத்துவராது, ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டான். கறுப்பு மை விரலில் அப்பிக்கொள்ள, நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. எரிபீடத்துக்கு வந்தபோது அவள், உன் படையில் ஒருவரைத் தியாகம் செய் என்றாள். அவன் எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தியாகம்னு வராதுடி" என்றான். "தியாகம்னா அது தானாப் போகணும். இங்க நாமதான் எடுத்துப் போடுறோம், அத யாரு கேட்டா? பலின்னு சொல்லு." சாதாரணமாகத்தான் சொன்னான். அவளும் சரியாகத்தான் சொல்கிறான் என்று பலி என்றே எழுதச் சொன்னாள், அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்கள். எத்தனை வருஷம் இந்த உறையைப் பார்த்திருக்கிறாள். இப்போது அந்தச் சொல்லில் ஏதோ முள் மாதிரி மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. யாரு கேட்டா. சீட்டு தன்னைத்தானே போட்டுக்கொள்ளாது. எடுத்துப் போட ஒரு கை வேண்டும். அவனாவே வந்து நின்றான் என்று சொல்வது யார்? அம்மா. அவன் வாயால் அதை ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா? நினைவைத் துழாவினாள். பங்குச் சாமியார் வாய், அத்தை வாய், தையல் அக்கா வாய். அவன் வாய் இல்லை. அந்தக் கதையை யாராவது சொல்லும்போதெல்லாம் அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், அல்லது எழுந்து போய்க் கையைக் கழுவுவான். அடக்கம் என்றார்கள். அவளும் அடக்கம் என்றுதான் நினைத்தாள், முகம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்.

"அண்ணே" என்றாள். "ஹாஸ்டல விடுறேன்னு அம்மாகிட்ட நீயாவா போய்ச் சொன்ன?"

மின்விசிறி கடகடத்தது. அவன் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்தான், மூடினான். "இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"சொன்னியா இல்லையா?"

"கல்லறையிலிருந்து வந்து பின்னாடி கால் கழுவிக்கிட்டிருந்தேன்" என்றான், ரொம்ப மெதுவாக, அடுக்களைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "உள்ள வர்றேன், மாமா போன வச்சுக்கிட்டு இருக்காரு. வார்டன்கிட்டப் பேசிட்டேன், பேர எடுத்துருவாங்கங்கறாரு. அம்மா தலையில முக்காடு போட்டு உக்காந்திருக்காங்க, என்னப் பாக்கவே இல்ல. கால்ல ஈரங்கூடக் காயல. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு. என் பையி, மட்டை, ஷூ எல்லாம் அங்கயே கெடந்துச்சு. யாரும் போய் எடுக்கல."

"ஏன் இத்தன நாள் சொல்லல?"

"சொல்லி? அம்மாவுக்கு அந்தக் கத வேணும்டி. அது இல்லாம அவங்களால தூங்க முடியாது."

"என் வேலைய விட்ருவேன்னு திண்டுக்கல்காரங்ககிட்டச் சொன்னதும் அம்மாதானா?"

அவன் சீட்டுகளைத் தட்டி அடுக்கினான். கண்ணுக்குக் கீழே அந்தத் தசை அசைந்தது.

கோபம் போகவில்லை. போகும் என்று ஒரு கணம் நினைத்தாள், அண்ணனின் பாவமான முகத்தைப் பார்த்ததும் நீர் கோத்துக்கொண்டு இளகிவிடும் என்று. இளகவில்லை, இன்னும் கட்டியாயிற்று, ஆனால் இத்தனை நேரம் எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கம் இல்லாமல் அறைக்குள் சுற்றிச்சுற்றி வந்தது. அம்மா மேல் பாய்ந்தது, உடனே, புருஷனைப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு பிள்ளையோடு முக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை வேறு என்ன செய்திருப்பாள் என்று ஒன்று தடுத்தது. அந்தத் தடுப்பின்மேல் கோபம் வந்தது. ஏன், கேட்டிருக்கலாமே, டேய் என்ன செய்யலாம் என்று அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கேட்டிருந்தால் ஒருவேளை அவனே சரி என்றிருப்பான், அப்போது அந்தக் கதை பொய்யாக இருந்திருக்காது. செய்ததுகூடப் பரவாயில்லை, செய்துவிட்டு அவனாகச் செய்தான் என்று ஊரெல்லாம் சொன்னாளே, அதை மாலையாகக் கட்டி அவன் கழுத்தில் போட்டாளே, கழற்றமுடியாதபடி. இவனும் குனிந்து வாங்கிக்கொண்டானே. அதுதான் பொறுக்கவில்லை. வல்லூறு பறக்கக் காத்திருக்கும்போது ஈட்டிக்காரனை வைக்கிறவன். தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று அவன் தன் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டு, முன்நெற்றி ஏறி, கண்ணாடி போட்டு, இங்கே உட்கார்ந்து அவளிடம் தோற்றுக்கொண்டிருக்கிறான்.

"ஏன் தோக்குற?" என்றாள்.

"என்னது?"

"யானையப் போட்டா முடிஞ்சுது. உனக்குத் தெரியும். ஏன் போடல?"

அவன் மழுப்பவில்லை, அது ஆச்சரியம். "பழகிப்போச்சு" என்றான்.

"உன் முறைய மறுபடி எடு. நெசமா ஆடு. இல்லேன்னா இந்தச் சீட்டையெல்லாம் அள்ளிக் கீழ சாக்கடையில போட்ருவேன், சத்தியமா."

அவளுடைய குரல் ஏறியதைக் கேட்டு அடுக்களையில் கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது. அமல் அவளைப் பார்த்தான், எழுந்து போய்விடுவானோ என்று தோன்றியது. போகவில்லை. ஈட்டிக்காரனை எடுத்துக் கைக்குள் சேர்த்துக்கொண்டான். சுட்டுவிரலால் வல்லூறைத் தொட்டான். அப்புறம் யானைத் தளபதியை எடுத்து, உறையோடு, செத்தவர்கள் கிடக்கிற குவியல்மேல் வைத்தான். "யான பலி. பலம் இவனுக்கு." விலை கொடுத்தாயிற்று. பலன் இன்னும் போய்ச் சேரவில்லை. நடுவில் இருக்கிற அந்தச் சந்தில் ஜெனோவாவின் கை நின்றது, கையில் அம்புமழை. போட்டால் வல்லூறு விழும், யானை ஏற்கெனவே போய்விட்டது, இரண்டும் வீண். அவன் முதன்முதலாகத் துணிந்து ஆடியது வீண். போடாமல் விடலாம், விட்டால் அவன் ஜெயிப்பான், சிரிப்பான், பாவம். பாவம் என்று தோன்றியதுமே தன்மேல் காறித் துப்பவேண்டும் போலிருந்தது, இவ்வளவு நேரம் எதற்காக எரிந்தாளோ அதையே செய்யப் பார்க்கிறாளே. அம்புமழையைப் படாரென்று மேசைமேல் அடித்தாள். "வல்லூறு செத்துது."

அமலின் வாய் திறந்தது. அப்புறம் அந்த வாய் ஒரு ஓரமாக, அவள் இதுவரை பார்த்திராத கோணத்தில், போக்கிரித்தனமாக வளைந்தது. கையிலிருந்து ஒரு சீட்டை உருவி அம்பின்மேல் வைத்தான். இரும்புச் சிறகு. அம்பு தைக்காது. முதலிலிருந்தே கையில் வைத்திருக்கிறான், படுபாவி. "சாகல" என்றான். "பறக்குது. உன் கோட்டைய எண்ணு." எண்ண ஒன்றும் இல்லை. தரைமட்டம். அவன் உள்ளங்கையால் மேசையை ஓங்கி அடித்தான், சீட்டெல்லாம் துள்ளின. "போச்சாடி! போச்சா!" என்று கத்தினான். அந்தக் கத்தலில் பட்டறை இல்லை, மேற்பார்வை இல்லை, இடது ஓரத்தில் பந்தோடு ஓடுகிற ஒருவன் இருந்தான், அவள் அவனைப் பார்த்ததே இல்லை. ஜெனோவாவுக்குத் தோற்றது எரிச்சலாகவே இருந்தது, உண்மையான எரிச்சல், பல்லைக் கடிக்கிற எரிச்சல். அது நன்றாக இருந்தது.

"போனக் குடு" என்றாள். "திண்டுக்கல் நம்பரப் போட்டுக் குடு."

"ஜெனோ."

"குடுண்ணே."

கொடுத்தான். மாப்பிள்ளையின் அப்பா எடுத்தார். கிளம்பிக்கொண்டிருக்கிறோம், வண்டிக்குச் சொல்லியாச்சு, என்னம்மா என்றார். நல்ல குரல், கொஞ்சம் காது மந்தம், இடது பக்கம் வைத்துக் கேட்கிறார் என்று தோன்றியது, அதனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஐயா, நான்தான் பொண்ணு பேசுறேன். நீங்க வர வேண்டாங்க. நான் வேலைய விடப்போறதில்ல. என்னக் கேக்காம உங்ககிட்டச் சொல்லிட்டாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல, மன்னிச்சுக்கங்க." மறுமுனையில் போனைக் காது மாற்றுகிற உரசல் கேட்டது. பிறகு அவர், "உங்கம்மா அப்பிடிச் சொல்லலியேம்மா" என்றார். "ஆமாங்கய்யா, அவங்க சொல்லல. நான் சொல்றேன்." வைத்துவிட்டாள். போனைச் சீட்டுகளின்மேல் கவிழ்த்துப் போட்டாள்.

அம்மா வாசற்படியில் நின்றாள், கரண்டியில் கேசரி ஒட்டியிருந்தது. எவ்வளவு கேட்டாளோ. "யாருகிட்டப் பேச்சு? யாரு வர வேண்டாம்?"

ஜெனோவா வாயைத் திறப்பதற்குள் அமல் எழுந்துவிட்டான். மேசைக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான், முதுகு மட்டும்தான் தெரிந்தது, அகலமான, சட்டை வேர்த்து ஒட்டிய முதுகு. "நான்தான்மா" என்றான். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல், எண்ணெய் போட்டு வைத்த கதவு மாதிரி. "திண்டுக்கல்லுக்கு நான்தான் போன் பண்ணி வேண்டாம்னுட்டேன். எனக்குத்தான் அந்த இடம் பிடிக்கல. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

"பொய்" என்றாள் ஜெனோவா. நாற்காலி சாய்ந்து விழ எழுந்து, அந்த முதுகை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "அவன் பேசல. நான் பேசுனேன். எனக்குத்தான் வேண்டாம்."

"ஜெனோ, நீ சும்மா இரு, நான் அம்மாட்ட..."

"நீ வாய மூடு!" என்று அவனைப் பார்த்துக் கத்தினாள், இவ்வளவு சத்தம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. அப்புறம் அம்மாவிடம் திரும்பி, கத்தாமல், "நான்தாம்மா" என்றாள்.

அம்மா வழக்கம்போல முதலில் அமலைத்தான் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்தான், ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் ஒதுங்கி நின்றான். அம்மாவின் கண் அவனை விட்டு மெதுவாக நகர்ந்து மகளிடம் வந்தது. கரண்டி பிடித்த கை உயர்ந்தது, ஆத்திரத்தில் உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அவ்வளவும், குறுக்கே யாரும் இல்லாமல், நேராக அவள்மேல் வந்து விழுந்தது. ஜெனோவா நகராமல் நின்றாள்.